இரண்டாவது ஆள் என்ன சொன்னார்?

முப்பத்திரண்டு வயதில் எனக்கு எம்.பி.ஏ. படிக்கும் ஆசை வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கணக்கு வந்தது. நீளமான பத்திகளைப் படித்து விடை சொல்வதும் ஓரளவு வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் ஒரு கேள்வி கேட்பார்கள். முதல் ஆள் ஒன்று சொல்வார், இரண்டாவது ஆள் அதற்கு ஏதோ சொல்வார். அவர் எந்த விதமாகப் பதில் சொல்கிறார் என்று ஐந்து விடைகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். மொத்தமே நாலைந்து வரி. படித்ததும் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும்.

வேங்கிக்காலில் எங்கள் வீடு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், மருத்துவக் காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு இந்த நாலு வரி பிடிபடவில்லை என்பதுதான் ஆத்திரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துக் கேள்வி போட்டு ஏழு தப்பு. புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி வைத்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"படி, கேப்போம்."

வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னேன். மேம்பாலம் கட்டியபின் ஊரில் விபத்து குறைந்திருக்கிறது, ஆகவே மேம்பாலம்தான் காரணம் என்கிறார் முதல் ஆள். பகலில் லாரி வரக்கூடாது என்று அதே மாதம்தானே தடை போட்டார்கள் என்கிறார் இரண்டாவது ஆள்.

"விபத்து குறையவே இல்லன்னு அவரு மறுக்குறாரு. இதான் நான் போட்டது," என்றேன்.

"அவரு எங்க மறுத்தாரு? குறைஞ்சுதுன்னு ஒத்துக்கினுதான் பேசறாரு. காரணம் வேறயா இருக்கலாம்னு சொல்றாரு, அவ்ளோதான்."

விடைப் பக்கத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதேதான். அடுத்ததையும் கேட்டேன், சரியாகச் சொன்னார். அதற்கடுத்ததும் சரி. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொள்வது நான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே விடை சொல்வது இவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"திங்கக்கிழமை ஆனா இதானே எனக்கு வேலை," என்றார்.

கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கிப் பதிவு செய்யும் எழுத்தர் அவர். பட்டா கேட்டு வருகிறவர் ஒன்று சொல்வார், அதிகாரி வேறொன்று சொல்வார், அவர் முடியாது என்றாரா, வேறு இடத்துக்குப் போகச் சொன்னாரா என்று பிரித்து எழுதவேண்டியது இவர். "நீ அவங்க குரல கேக்கற. நான் என்ன சொன்னாங்கன்னு மட்டும் பாக்கறேன்," என்றார். நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

எழுதுகிறவரே தேர்வு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். அதைக் குறிக்கும்போது அவரிடம் ஒரு தேதியைக் காட்டினேன். சென்னையில் மையம், மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு.

"அன்னிக்கு முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் முடிச்சு காலையில ஊரே பஸ்ஸுக்கு நிக்கும்," என்றார்.

"நான் எழுதறதே உங்களுக்கு இஷ்டமில்ல. நேரா சொல்லிடுங்களேன்," என்றேன்.

அந்தத் தேதியையே போட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டுக்கு வந்து நின்றோம். விடிய விடிய மலையைச் சுற்றி வந்த கூட்டம், செருப்பில்லாத கால்களும் தோளில் தூங்கும் குழந்தைகளுமாகத் தற்காலிக பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. ஆட்டோக்கள் அசையவே இல்லை. அவர் பைக்கை எடுத்தார். ஊருக்குள் நுழையாமல் கிராமத்துப் பாதைகளில் சுற்றி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே வந்த மூன்று சென்னை பஸ்களும் நிற்காமல் போயின. நான்காவதில் படிக்கட்டில்தான் இடம். திண்டிவனம் தாண்டியும் நின்றுகொண்டே போனேன். தாம்பரத்துக்கு முன்பு ஒரு மணி நேர நெரிசல் வேறு.

மையத்தின் வாசலை நான் தொட்டபோது இரண்டு இருபது. வரவேற்பில் இருந்த பெண் அடையாள அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "இனிமே உள்ள விட முடியாதுங்க மேடம்," என்றாள். அவளிடம் வாதாடினேன். பௌர்ணமி என்றேன், கூட்டம் என்றேன். "ஆமாங்க, புரியுது," என்றாள். புரிகிறது என்றுதான் சொன்னாள், விடுகிறேன் என்று சொல்லவில்லை. அது எனக்கு உறைக்க ஐந்து நிமிடம் ஆனது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தேதி சரியில்லை என்று மட்டுமே என் கணவர் சொன்னார். தேர்வே வேண்டாம் என்று சொன்னதாக நான்தான் கேட்டுக்கொண்டேன். மேம்பாலக் கேள்வியில் செய்த அதே தப்பு. என்மேலேயே வந்த கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. அவருக்குப் போன் செய்து உள்ளே விடவில்லை என்றேன்.

"எதனா சாப்டியா?" என்றார்.

"அத இப்ப எதுக்குக் கேக்கறீங்க?" என்று கத்தினேன்.

"பஸ்ஸுல நின்னுக்கினே போயிருப்ப. அதான் கேட்டேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அதில் வேறு எதையும் தேடக்கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, எதிரே இருந்த ஓட்டலில் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறை தேதியை அவரே பார்த்துச் சொன்னார். முதல் நாளே சென்னை போய்த் தங்கி எழுதினேன். உரையாடல் கேள்விகள் இரண்டு வந்தன. இரண்டிலும் முதலில் மனதில் தோன்றிய விடையை விட்டுவிட்டு, இரண்டாவது ஆள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை மட்டும் விரலால் எண்ணுவதுபோல் படித்தேன். சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது, அதை யாரும் சொல்வதில்லை. மதிப்பெண் நான் நினைத்ததைவிடக் கம்மி. ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. இன்னொன்றில், வார இறுதியில் நடக்கும் வகுப்பில் இடம் கிடைத்தது.

இப்போது சனிக்கிழமைதோறும் சென்னை போய் வருகிறேன். குழு விவாதம் என்று ஒன்று வைக்கிறார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். போன வாரம் பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டி, ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். குறுக்கே புகுந்ததற்காக எனக்குத்தான் மார்க் குறைத்தார்கள்.