சலவைக்கடையின் தனித் தொட்டி

அந்தச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு மொடமொடப்பு என்று பெயர். அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் மட்டும்தான் உட்காருவார், சட்டை நின்றுகொண்டே இருக்கும் என்பது வாடிக்கையாளர்கள் பெருமையோடு சொல்லும் புகார். பதினோரு வருடமாக அதே மேஜை. காலை எட்டரை ஆனால் மேஜைக்குக் கீழே குனிந்து ஒரு மாத்திரையை விழுங்குவார். கேட்டால் "பிரஷர்" என்பார். பிரஷர் கௌரவமான வியாதி. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அது எச்.ஐ.வி. மாத்திரை. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். மொடமொடப்பின் அண்ணனுக்கும் அதே கிருமி இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னல் முன்னால் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணன் வரிசைக்கே போகவில்லை. கடைசியில் எய்ட்ஸாக முற்றி, முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். கிருமி கொன்றதா கூச்சம் கொன்றதா என்று எழுத இறப்புச் சான்றிதழில் இடமில்லை.

ஒருநாள் முதலாளி ஒரு சேதியோடு வந்தார்.

"நம்ம நூலகர் இருக்காரே, அவரை அந்த ஜன்னல் வரிசையில பார்த்தாங்களாம். இனிமே அவர் துணி தனித் தொட்டி. பிளீச்சிங் கொஞ்சம் தாராளமாப் போடு."

மாதம் தவறாமல் அந்த வரிசையில் நூலகருக்குப் பின்னால் நிற்கிற ஆளே மொடமொடப்புதான். வரிசையில் பேசிக்கொள்வார்கள், வெளியே வந்ததும் முன்பின் தெரியாதவர்களாகிவிடுவார்கள். "துணியில வராதுன்னு சொல்றாங்களே அண்ணே" என்று இழுத்துப் பார்த்தார்.

"எதுக்கு வம்பு?"

வேலை முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டார். தானே தொட்டியில் பிளீச்சிங்கைக் கொட்டினார். முதலாளிக்குப் பயம் வரும்போதெல்லாம் இன்னொரு கரண்டி சேர்ந்தது. மூன்றாவது வாரம் நூலகர் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சலவைக்குக் கொடுத்த நீலச் சட்டை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. காலரைத் தொட்டால் நூல் கையோடு வந்தது.

"மத்தவங்க துணியெல்லாம் நல்லாத்தானே வருது?" என்று மொடமொடப்பைப் பார்த்தே கேட்டார். மொடமொடப்பு இன்னொரு சட்டையை எடுத்து விரித்தார். "சரி. இனிமே நானே துவைச்சுக்கறேன்" என்று போய்விட்டார். அவர் ஒரு சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மொடமொடப்புக்கு.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கல்லாப் பக்கம் நின்ற முதலாளியிடம் திரும்பினார்.

"அண்ணே, எனக்கும் இருக்கு. நான் இங்க சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"என்ன இருக்கு?"

"நூலகருக்கு இருக்கறது."

முதலாளி போட்டிருந்தது அன்று காலை மொடமொடப்பு தேய்த்துக் கொடுத்த சட்டை. அவருடைய கை தானாக மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தது. ரசீது எழுதிக்கொண்டிருந்த முதலாளியம்மா தலையைத் தூக்கினார்.

"கடையில நின்னு எதுக்குச் சட்டையைக் கழட்டறீங்க? பதினோரு வருஷமா அவர் தேய்ச்சதைத்தானே போட்டுட்டுத் திரியறீங்க? என்ன ஆச்சு? தொப்பைதான் ஆச்சு."

"நீ சும்மா இருடி. எப்படிப்பா வரும் இது?"

"துணியில வராது. ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. ரத்தத்துல வரும், ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கிட்டா வரும், அப்புறம்..." முதலாளியம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உறை இல்லாமப் போனா வரும். எனக்கு மாத்திரையில கிருமி எண்ணவே முடியாத அளவுக்குக் குறைஞ்சிடுச்சு. என் பொண்டாட்டிக்கே வரலை."

முதலாளி வெளியே போய்விட்டார். மாலைவரை திரும்பவில்லை. மொடமொடப்பு வீட்டுக்குப் போய், "வேலை போச்சு" என்றார்.

"போகச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப நாளைக்குப் போங்க. அவரே சொல்லட்டும்" என்று மனைவி தட்டை வைத்தாள்.

மறுநாள் காலை முதலாளி கடை வாசலிலேயே நின்றார். மொடமொடப்பின் தோளைப் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். வேலை போகிற சேதி இதோ வருகிறது என்று மொடமொடப்பு நினைத்தார்.

"இந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?"

"துணியில வராதுன்னு சொன்னேனே அண்ணே."

"துணியில வராதுன்னு நம்பிட்டேன்பா. நீ கடைசியா ஒண்ணு மெதுவாச் சொன்னியே..." முதலாளி கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பழைய கதை. கல்யாணத்துக்கு முன்னாடி. ராத்திரி பூரா தூங்கலை."

மொடமொடப்பே கூட்டிக்கொண்டு போனார். ஊசியைப் பார்த்ததும் முதலாளி அவர் கையைப் பிடித்தவர் முடிவு வரும்வரை விடவில்லை. இல்லை என்று நர்ஸ் சொன்னதும் நாற்காலியில் அப்படியே சரிந்தார். பழைய கதைகளுக்கெல்லாம் தனித் தொட்டி வைத்தால் ஊரில் தண்ணீர் போதாது என்று மொடமொடப்புக்குத் தோன்றியது.

"மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போற நாள் உனக்கு லீவு. பிரஷர்னு பொய் சொல்லாத" என்றார் முதலாளி. வருகிற வழியில் நூலகத்துக்குள் நுழைந்து, புதுச் சட்டையின் விலையை மேஜையில் வைத்து, ஐந்து நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த வாரக் கடைசியில் நூலகர் ஒரு துணி மூட்டையைக் கடையில் கொண்டுவந்து போட்டார்.

டெஸ்ட் எடுத்த அன்று கடைக்குத் திரும்பியபோது முதலாளி விசில் அடித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"காலையிலேர்ந்து ஆளைக் காணோம். இப்ப என்ன இவ்வளவு சந்தோஷம்?"

முதலாளி மொடமொடப்பைப் பார்த்தார். மொடமொடப்பு, ஏற்கெனவே தேய்த்து மடித்த பேண்டைப் பிரித்து, வெகு அக்கறையாக மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.