ஜிந்துப்பிட்டிச் சுவரில் ஓர் அரசமரம்

ஜிந்துப்பிட்டி ஒழுங்கையின் முடிவில், பொதுக் குழாய்க்கு மேலே, அந்த அரசமரம் இன்னும் சுவரில் நிற்கிறது. மூன்று வருடமாக, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும்போதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். ஒரு சாண் உயரம்தான். அடிமரம் என் மணிக்கட்டுத் தடிப்பு. என்னைப்போல் சட்டியில் பொன்சாய்க் குறுமரம் வளர்ப்பவனுக்கு இப்படியொன்று வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். இந்த முறை பையில் சிறுவாளும் ஈரச்சாக்கும் இருக்கின்றன.

சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், மரத்தில் படாமல் சுற்றிவர.

சுவருக்குப் பின்னாலுள்ள வீட்டுப் பெண் குழாயடியில் துணி அலசுகிறாள். மரத்தை எடுக்கலாமா என்று கேட்கிறேன்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. வேரு உள்ள வந்து செவரு வெடிச்சிருச்சு. புள்ளைங்க படுக்கிற எடம். அரசமரத்துல யாரு கை வைப்பா? செவரு பூச வந்த மேசனுங்ககூட மாட்டேன்னுட்டாங்க."

"வேரை வெட்டித்தான் எடுக்கவேணும். பிழைக்கும் எண்டு சொல்லேலாது."

அவள் உள்ளே போய்க் கற்பூரம் கொண்டுவருகிறாள். மரத்துக்குக் கீழே, குழாய்த் திட்டில் வைத்து ஏற்றுகிறாள்.

"நீங்களே மன்னிப்புக் கேட்டுக்கங்க. எங்களுக்காக இல்ல, ஒங்களுக்காக வெட்டுறதாச் சொல்லுங்க."

பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் நான் அந்த வெடிப்பைக் கவனித்ததுகூட இல்லை.

"எனக்காகத்தான்" என்கிறேன்.

கற்பூரம் அணைந்ததும் வாளை வைக்கிறேன். வெள்ளையாகப் பால் வடிந்து புதுச் சுண்ணாம்பில் இறங்குகிறது. அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி, அலசிய துணியையே திரும்ப அலசுகிறாள்.