உள்ளே கிடந்தது

கண்ணை மூடிக்கொண்டு, இடது காதை மெஷினின் பக்கவாட்டில் ஒட்ட வைத்து, வலது கையை மேலே தூக்கியபடி நிற்கிறார். அந்தக் கை இறங்கும்வரை கடைக்குள் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. துணி துவைக்கும் மெஷின் தடதடவென்று ஓடுகிறது. கை இறங்குகிறது. "பெல்ட் நல்லாத்தான் இருக்கு. பேரிங் போச்சு. பின்னாடி இருக்கற பேரிங்." திறந்து பார்த்தால் பின்னாடி இருக்கிற பேரிங்தான் போயிருக்கும்.

இருபத்தெட்டு வருடமாக இதே தொழில். சுற்றுவட்டாரம் முழுக்க அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர். ஒரு ஷட்டர் அகலத்துக்குக் கடை. உள்ளே முதுகைத் திறந்து போட்ட மெஷின்கள், ரப்பர் குழாய்கள், எதற்கு என்று அவருக்கு மட்டுமே தெரிந்த திருகாணிகள். ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கும். உடையவர், புகார், வந்த தேதி. புகார் என்ற இடத்தில் வாடிக்கையாளர் சொன்னதை அவர் எழுதவே மாட்டார். "அவங்க சொல்றது வேற, அது சொல்றது வேற" என்பார். அவருக்கு 'அது' சொல்வதுதான் வேதவாக்கு. சத்தம் வந்தால் கோளாறு, சத்தம் இல்லையென்றால் சுகம். அவருடைய உலக அறிவு மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. மெஷினுக்குள் என்ன கிடைத்தாலும் ஒரு சின்னப் பையில் போட்டுக் கட்டி, மெஷினோடு சேர்த்துத் திருப்பித் தந்துவிடுவார். சட்டைப் பொத்தான், கொண்டை ஊசி, ஒற்றைக் காலுறை, எதுவானாலும் சரி. "உள்ள கிடந்தது உடையவங்களோடது" என்பது அவர் சட்டம். ஒரு தடவை ஒரு வீட்டுக்குப் பூப்போட்ட கைக்குட்டை ஒன்று இப்படித் திரும்பிப் போனது. அது யாருடையது என்ற கேள்வியில் அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. வீட்டுக்காரர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். "அதுக்காக நான் வச்சுக்க முடியுமா சார்?" என்று காதுக்காரர் அப்பாவியாகக் கேட்டார்.

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் மெஷின் வந்தது. தண்ணீர் வடியவில்லை என்று தோட்டத்துப் பக்கம் இரண்டு மாதம் ஒதுக்கிப் போட்டிருந்த மெஷின். காதுக்காரர் வழக்கம்போலக் காதை வைத்தார். கீச் என்றது. 'பெல்ட் காய்ந்துவிட்டது' என்று அட்டையில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் பிளக்கை இன்னும் மாட்டவேயில்லை என்பது கண்ணில் பட்டது. ஓடாத மெஷின் எப்படிக் கீச்சிடும்? தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குக் குப்பென்று வியர்த்தது. பாதி கழன்றிருந்த பின்பக்கத் தகட்டை முழுவதுமாகக் கழற்றினார். மோட்டாருக்கும் ட்ரம்முக்கும் நடுவில், உடம்பெல்லாம் கிரீஸோடு, உள்ளங்கை அளவு பூனைக்குட்டி ஒன்று அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. பெல்ட் சத்தம் வந்தது.

நாய் என்றால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவர், பூனை என்றால் எந்தப் பக்கம் போவது என்று யோசித்ததில்லை. குட்டியைக் கையால் தொடாமல் திருகாணித் தட்டில் சரித்து எடுத்தார். மோட்டார் துடைக்கும் துணியால் துடைத்தார். புது மூடி ஒன்றில் பால் ஊற்றி வைத்தார். பிறகு, சட்டம் சட்டம்தானே, அதன் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினார். உடையவர், டீச்சர். புகார் என்ற இடத்தில் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கடையில் தனியாக விட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுப்பவர். பகலெல்லாம் மணிச் சத்தம் கேட்டுக் காது புளித்துப்போய் வீடு திரும்புகிறவர். "வீட்டுல ஒரு சத்தம் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்ற நிபந்தனையோடு குட்டிக்கு அனுமதி கொடுத்தார். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, அது தானாகவே காதுக்காரர் மடியில் ஏறிப் படுத்தது. சற்று நேரத்தில் கர்ர்ர் என்று ஒரு சத்தம் கிளம்பியது.

காதுக்காரர் மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. ஃப்ரிட்ஜை நிறுத்தினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்த டிவியையும் நிறுத்தினார்.

"என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான். உள்ள ஏதோ தேயுது."

மனைவியும் குனிந்து காதை வைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, ஆமாங்க. நாளைக்கு முதல் வேலையா டாக்டர்கிட்ட காட்டுங்க. பாவம், சின்ன உசுரு."

அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மிருக வைத்தியர் சின்ன வயசுப் பெண். காதுக்காரர் திருகாணித் தட்டோடு குட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நோயை விவரித்தார். "டாக்டரம்மா, சும்மா நின்னா சத்தம் இல்ல. கை வச்சா ஆரம்பிக்குது. மடியில போட்டா அதிகமாகுது. லோடே இல்லாதப்ப இப்படின்னா, நாளைக்கு வளர்ந்து பெருசாச்சுன்னா இவன் தாங்குவானா?"

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "முதல்ல, இவன் இல்ல, இவ. ரெண்டாவது, கடைப் பாலை நிறுத்துங்க, வயித்துக்கு ஆகாது. குட்டிக்குன்னு சாப்பாடு இருக்கு, எழுதித் தர்றேன். மூணாவது, அது நோய் இல்ல சார். பூனை சந்தோஷமா இருந்தா அப்படித்தான் சத்தம் போடும்."

"யாரு சந்தோஷமா இருந்தா?"

"பூனைதான்."

"எதுக்குச் சந்தோஷம்?"

"உங்க மடியில இருக்கறதுக்கு."

காதுக்காரர் குட்டியைத் தட்டோடு தூக்கிக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் சத்தம் கேட்டவர். ஒன்றாவது நல்ல சேதி சொன்னதில்லை. கேட்ட சத்தத்தையெல்லாம் நிறுத்தத்தான் அவருக்குத் தெரியும். நிறுத்தக் கூடாத சத்தம் என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லையே! வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொல்லிச் சமாளிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. அன்றே குட்டிக்குப் பேரிங் என்று பெயர் வைத்தாயிற்று.

சந்தோஷம் வந்ததும் சங்கடமும் வந்து சேர்ந்தது. "அது டீச்சரம்மா மெஷின்ல இருந்ததுதானே? அவங்க கேட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்றார் மனைவி. சத்தம் வரக் கூடாது என்றவர், இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நடுவில் போன் போட்டு, "அதை போன்கிட்ட கொண்டுவாங்க, கர்ர் சொல்லட்டும்" என்கிற அளவுக்கு வந்திருந்தார்.

மெஷின் இரண்டாம் நாளே தயார். மெஷினைக் கொடுத்தால் உள்ளே கிடந்ததையும் கொடுக்க வேண்டும். சட்டத்தை மீற முடியாது; தள்ளிப்போடலாம் அல்லவா? வாழ்நாளில் ஒரு நாள் தாமதம் செய்யாத மனிதர் பொய் சொல்ல ஆரம்பித்தார். "ஸ்பேர் வரல டீச்சர்." "ஸ்பேர் வந்துது, வேற மாடல் வந்துருச்சு டீச்சர்." "ஸ்பேர் வர்ற வழியில இருக்கு டீச்சர்." மூன்று வாரம் இந்தப் பாட்டு ஓடியது. நான்காவது வாரம் டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை.

பேரிங் மேஜைமேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ஒளிக்க நேரமில்லை.

"அட, இங்கதான் இருக்காளா? எங்க தோட்டத்துப் பூனை நாலு குட்டி போட்டுது தம்பி. மூணை மூணு வீட்டுக்குக் குடுத்துட்டேன். நாலாவது எனக்குன்னு வச்சிருந்தேன், காணாமப் போச்சு. மெஷினோட இங்க வந்திருக்குமோன்னு நேத்துதான் பொறி தட்டுச்சு."

காதுக்காரர் கூடையைப் பார்த்தார். மெஷினில் இல்லாத குறையை இருப்பதாக ஒருநாளும் சொல்லாதவர், பூனை விஷயத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தார். "இது சரியில்லீங்க டீச்சர். கடிக்கும். திரைச்சீலையைக் கிழிக்கும். அப்புறம் உள்ள ஒரு சத்தம் வருது, ரிப்பேரே ஆகாது. உங்களுக்குத் தொந்தரவு."

டீச்சர் குட்டியைத் தூக்கிக் கூடையில் வைத்தார். அது வாயைத் திறக்கவில்லை.

காதுக்காரர் தாங்க மாட்டாமல் உடைந்தார். "டீச்சர், அத்தனையும் பொய். மெஷின் ரெண்டாம் நாளே ரெடி. ஸ்பேர்னு ஒண்ணும் இல்ல. இது நல்ல குட்டி, ஒரு குறையும் இல்ல. உள்ள கிடந்தது உங்களோடது. கூட்டிட்டுப் போங்க." அலமாரியைத் திறந்து குட்டியின் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் எடுத்து நீட்டினார். "காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். பால் மட்டும் குடுத்துராதீங்க."

"ஸ்பேர் கதை எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர். "முப்பத்தஞ்சு வருஷம் லீவ் லெட்டர் படிச்சவ நான். இதைக் கொஞ்சம் பிடிங்க, மூடி சரியா மூட மாட்டேங்குது." குட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கர்ர்ர் என்று ஆரம்பித்தது. கடை முழுக்கக் கேட்டது.

டீச்சர் மூடியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினார். குட்டியைத் தன் கைக்கு வாங்கினார். சத்தம் நின்றது. திரும்ப அவர் கையில் வைத்தார். ஆரம்பித்தது. இரண்டு தடவை இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்.

"தம்பி, என் கையில சத்தம் வரல. உங்க கையில வருது. கோளாறு உங்ககிட்டதான் இருக்கு. இங்கேயே வச்சுப் பாருங்க. மெஷினை மட்டும் அனுப்புங்க, துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு."

காலிக் கூடையை ஆட்டியபடி தெருவில் இறங்கி நடந்தார். காதுக்காரர் குட்டியைத் தரையில் விட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றி, அவருடைய வலது பாதத்தின்மேல் சுருண்டு, நிமிஷத்தில் தூங்கிப்போனது. மேஜைமேல் டெலிபோன் அடித்தது, மனைவியாகத்தான் இருக்கும். நல்ல சேதி கையில் இருக்கிறது, காலை எடுக்காமல் டெலிபோன் எட்டாது. காதுக்காரர் இடது காலை நீட்டி, பெருவிரலால் ஸ்டூலை அங்குலம் அங்குலமாக இழுத்து, வலது பாதத்தை மயிரிழைகூட அசைக்காமல் மெல்ல மெல்ல அதில் உட்கார்ந்தார்.