பெரிய டேங்க், பழைய கலக்கி

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் நான் ப்ராசஸ் இன்ஜினியராகச் சேர்ந்து இரண்டாவது சம்பா. ஒரு காலையில் வலங்கைமான் பக்கத்திலிருந்து காத்தாயி என்ற குத்தகை விவசாயி ஆபீசுக்கு வந்தார். கையில் கருகிய பயிர் ஒரு கட்டு, எங்கள் மருந்து டின் ஒன்று.

"உங்க மருந்ததான் அடிச்சேன். பயிர் கருகிப்போச்சு. குத்தகை நெல்லு அளக்காம இருக்க நான் வேணும்னே கருக்கிட்டேன்னு மிராசுதார் வருவாய் கோர்ட்டுல மனு போட்டுட்டாரு. நெலத்த விட்டு எறங்கச் சொல்றாரு."

கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம் அது. காத்தாயி விவசாயிகள் சங்கத்திலும் இருந்தார். பயிரை அழித்தவர் என்று முடிவானால் நிலம் போய்விடும்.

"அளவுக்கு மேல ஊத்தியிருப்பீங்கம்மா," என்றார் மேனேஜர் ராமதுரை.

"மூடியால அளந்துதாங்க ஊத்துனேன். வந்து பாருங்க."

நான் போனேன். வயல் முழுக்கக் கருகவில்லை. பச்சையாக ஒரு பட்டை, கருகலாக ஒரு பட்டை, மறுபடி பச்சை. ஒவ்வொரு முறை ஸ்பிரேயரை நிரப்பி அடித்தபோதும் முதலில் வெறும் தண்ணீர் போயிருக்கிறது, கடைசியில் தனி மருந்து போயிருக்கிறது. வேண்டுமென்றே கருக்குகிறவர் இப்படிப் பட்டை பட்டையாகக் கருக்க மாட்டார். மருந்து தண்ணீரில் கலக்காமல் மிதந்திருக்கிறது.

தண்ணீரோடு பால்போல் கலக்க வைப்பது மருந்தில் நாங்கள் சேர்க்கும் எமல்சிஃபையர். அது கெட்டியானது, கனமானது. சரியாகக் கலக்காவிட்டால் டேங்கின் அடியில் நின்றுவிடும். அடியிலிருந்து பிடிக்கும் முதல் டின்களில் அது அதிகம் இருக்கும், கடைசி டின்களில் இருக்காது. காத்தாயியின் டின் அப்படிக் கடைசியில் பிடித்ததாக இருக்க வேண்டும்.

அந்த சீசனுக்குத்தான் பெரிய டேங்க் வாங்கியிருந்தார்கள். கலக்கி மட்டும் பழையது. வேகமும் பழையது. கலக்கும் நேரமும் பழையபடி கால் மணிதான்.

"மோட்டார் ஓடுது, மேல சுழி விழுது. இன்னும் என்னம்மா கலக்கணும்?" என்றார் மேனேஜர்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய டேங்கின் அகலம் கலக்கியின் பிளேடைப் போல மூன்று மடங்கு. புதியது ஐந்து மடங்கு. தேவையான சுற்றுகள் இந்த மடங்கின் வர்க்கத்தில் கூடும். அதாவது ஒன்பது இருந்த இடத்தில் இருபத்தைந்து. கால் மணி போதாது, முக்கால் மணியாவது வேண்டும்.

அடுத்த பேட்சில் மேலும் கீழும் சாம்பிள் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். கால் மணியில் கீழ் சாம்பிள் பாலானது. மேல் சாம்பிள் எண்ணெயாக மிதந்தது. முக்கால் மணியில்கூடக் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் இரண்டும் ஒன்றாயின.

"வெளிய சொன்னா கம்பெனி பேரு கெட்டுடும் வாசுகி," என்றார் மேனேஜர் என்னிடம்.

"காத்தாயி வாங்கின பேட்ச் இன்னும் கடையில இருக்கு சார். அடுத்த வயலும் கருகும்."

மேனேஜர் கால் மணி சாம்பிள்கள் இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "லாரிய அனுப்பி டின்ன எல்லாம் திருப்பிக் கொண்டாரச் சொல்லு. கோர்ட்டுக்கு நானும் வர்றேன்," என்றார்.

விசாரணையன்று மிராசுதார், "சங்கத்துக்குப் பயந்துகிட்டு வந்திருக்காங்க," என்றார்.

நான் விசாரணை அதிகாரியின் மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் காத்தாயியின் டின்னிலிருந்தும், மற்றதில் அதே பேட்சில் முதலில் பிடித்த டின்னிலிருந்தும் மருந்து விட்டேன். அதிகாரியே ஒரு குச்சியால் கலக்கினார். முதல் டின் மருந்து வெள்ளையாக நின்றது. காத்தாயி டின் மருந்து எண்ணெயாக மேலே ஏறியது.

"ரெண்டும் ஒரே டேங்குல வந்ததுதானே?" என்றார் மிராசுதார்.

"ஆமாங்க. அதுதான் குறையே. அது எங்க குறை, இவங்க குறை இல்ல."

மேனேஜர் எழுந்து, "எங்க இன்ஜினியர் சொல்றதுதான் கம்பெனி சொல்றதும்," என்றார்.

மனு தள்ளுபடியானது. வெளியே வந்ததும் காத்தாயி அழவில்லை, கும்பிடவும் இல்லை. "இனிமே கலந்துச்சான்னு பாத்துட்டுத்தானே டின்னுல ஊத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மேலயும் கீழயும் எடுத்துப் பாத்துட்டுத்தாங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டேங்க் மாறினால் நேரத்தை மறுபடி கணக்கிடுங்கள். போட்ட கணக்கை சாம்பிள் எடுத்துச் சரிபாருங்கள். அந்த டின்னை வாங்குகிறவருக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் தன் வயலைத் தவிர வேறு இடம் கிடையாது.