இரண்டாவது கோடு

ஸ்கேன் பிரிவில் எல்லோரும் அவரை ‘ரெண்டு கோடு’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, முதலிலேயே ஒத்துக்கொண்டால் மிச்சத்தைச் சொல்ல எளிது.

நான் பதிவு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே சாம்பல் ஸ்வெட்டர். வேலையில் கெட்டி. பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இவர் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுவார். அண்ணிக்கு இதயத்தில் உலோக வால்வு. கூட்டம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக், டிக் என்று கேட்கும். “என்னைக் கேக்காம உள்ள கடிகாரம் மாட்டிட்டாங்க, மணி மட்டும் சொல்ல மாட்டேங்குது” என்பார். போன வருடம் அந்த வால்வு ஒழுகுகிறது என்று இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பத்து நாள் விடுப்பு முடிந்து வந்தவர் பையை ஆணியில் மாட்டிவிட்டு, முதல் நோயாளி யார் என்று கேட்டார். அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். என்ன மனுஷன் இவர் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அதன்பின் ஆறு மாதம் கழித்துத் தொடங்கியது இந்த இரண்டு கோடு சங்கதி. செயற்கை வால்வின் உலோகத்தை இந்த இயந்திரத்தின் காந்தம் இழுக்காது. அதை வைத்தவர்கள் வந்தால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் படத்துக்குக் குறுக்கே திரையில் ஒரு கோடு போடுவார்கள். அந்த இடத்தில் இரத்தம் எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு திரும்பி வழிகிறது என்று இயந்திரம் கணக்குச் சொல்லும். எல்லோருக்கும் ஒரு கோடு. இவர் திடீரென்று ஆளுக்கு இரண்டு போட ஆரம்பித்தார். நான் நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தால் இவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். வெளியே காத்திருப்பவர்கள் அவர் மேலா பாய்வார்கள்? என் மேல்தான்.

ஒருநாள் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு லாரி ஓட்டுநர், எனக்கு வேலை செய்யத் தெரியவில்லை என்று கத்திவிட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. நேராக உள்ளே போனேன். இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடிக்கும்வரை அவருக்கு வேலை இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினெட்டு வருஷமா ஒரு கோடுதானே அண்ணே போட்டீங்க? இப்ப என்ன புதுசா?” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. செயற்கை வால்வு வைத்த ஒரு தச்சர் ஸ்கேனுக்கு வந்தாராம். வழக்கப்படி வால்வை ஒட்டியே கோடு போட்டிருக்கிறார். பாதி இரத்தம் திரும்பி வழிகிறது என்று கணக்கு வந்தது. அவ்வளவு இரத்தம் நாள்பட ஒழுகினால் இதயம் வீங்கியிருக்க வேண்டும். தச்சருக்கு வீங்கவில்லை. சந்தேகப்பட்டு இரண்டு விரல் அளவு மேலே இன்னொரு கோடு போட்டுத் திரும்ப எடுத்தார். திரும்பி வழிவது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வால்வின் உலோகம் பக்கத்தில் படத்தைக் கெடுக்கும், இரத்தமும் அங்கே சுழன்றடிக்கும், கணக்குத் தப்பிவிடும். தச்சருக்குக் கத்தி தேவைப்படவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

“நல்லதுதானே அண்ணே,” என்றேன், எதுவும் புரியாமல்.

“அவளுக்கும் பாதின்னுதான் வந்துச்சு.”

எக்கோ பரிசோதனையில் தெளிவாகத் தெரியவில்லை என்று அண்ணியை இங்கே அனுப்பியது நினைவு வந்தது. அன்றைக்கு நேரம் எழுதிக் கொடுத்தவள் நான். இயந்திரத்தில் இருந்தவர் இவர். அண்ணியின் இதயம் முதல் ஆபரேஷனுக்கு முன்பே வீங்கிப்போனது, அதை வைத்துச் சந்தேகப்படவும் வழியில்லை. வால்வை ஒட்டி ஒரே ஒரு கோடு. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் திரும்பத் திறந்தார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அந்தப் படம் இருக்குமில்ல? இப்ப மேல ஒரு கோடு போட்டுப் பாத்துட்டா, நிஜமாவே ஒழுகுச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல?”

“கோடு போட்ட எடத்துல மட்டும்தான் அளவு எடுக்கும். மேல பாக்கணும்னா, அவ திரும்ப வந்து படுக்கணும்.”

மணி என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். இயந்திரம் நின்றது. மைக்கை அழுத்தி, உள்ளே இருந்தவரிடம் அசையாமல் இருக்கச் சொன்னார், இன்னும் ஒரே ஒரு முறைதான் என்றார். கோட்டைச் சுட்டியால் பிடித்து மேலே நகர்த்தினார்.

வெளியே வந்து லாரி ஓட்டுநரிடம், நேரம் ஆகும், உட்காருங்கள் என்றேன். வால்வு நோயாளிகளுக்கு இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் என்றே எழுதுகிறேன். பெயரைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை. புதிதாக வந்தவர்கள்கூட அப்படியே கூப்பிடுகிறார்கள். நேற்று வராந்தாவில் யாரோ, “ரெண்டு கோடு, போன் வந்திருக்கு” என்று கத்தினார்கள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.