எதுக்கம்மா

கம்பிக் கயிற்றுக் கடையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாடிக்கையாளர்களுக்கும், பின்கட்டில் கயிற்று முனையை அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவருக்கும், முதலாளிக்கும்கூட அவள் எதுக்கம்மாதான். யார் வந்து எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல். பத்து மீட்டர் கயிறு கேட்டாலும் எதுக்கு, ஒற்றைக் கொக்கி கேட்டாலும் எதுக்கு. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். அவரையும் எதுக்கு என்று கேட்டுவிட்டாள். அவரும் தங்கை வீட்டுக்குப் போவதிலிருந்து ஆரம்பித்து விவரமாகச் சொன்னார்.

பில் போடத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது இருபத்து மூன்று வயது. கயிறு என்றால் கயிறு என்று மட்டும் தெரியும். சேர்ந்த மூன்றாம் மாதம் ஒருவர் எட்டு எம்.எம். கயிறு முப்பது மீட்டர் கேட்டார். எட்டு எம்.எம்.மில் நான்கு வகை இருந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்ததை வெட்டிக் கொடுத்தாள். பத்தொன்பது தடித்த கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய கெட்டிக் கயிறு அது. கம்பத்தை இழுத்துக் கட்டுவதற்கு உகந்தது. வளையச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஒரு மாதம் கழித்து அவர் அதே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அறுந்த கம்பிகள் உடம்பெல்லாம் முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தன. "உருளையில ஓடுறதும்மா. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவள், இருபத்தாறு வருஷமாக நிறுத்தவில்லை.

கேட்டுக் கேட்டு ஊரே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்து, அந்த லிஃப்டு என்னுது, அந்த விளம்பரப் பலகை என்னுது, அந்தப் படகுத்துறைச் சங்கிலிக்குப் பக்கத்துக் கயிறு என்னுது என்பாள். கணவர் முடிதிருத்துகிறவர். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என் கைக்கு வந்த தலையெல்லாம் என்னுதுன்னு நான் சொல்றேனா?" என்பார். வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிகூட ஆறு எம்.எம். எவர்சில்வர் கயிறு. தொய்ந்தால் முறுக்கிக்கொள்ள ஒரு பக்கம் டர்ன்பக்கிள். மேல்வீட்டு அக்கா அதில் கைக்குட்டையைக் காயப்போட்டுவிட்டு, யானையைத் துவைச்சாலும் இங்கேயே போடலாம் என்று சொல்லாத நாளில்லை.

இந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு திங்கட்கிழமை, ஒரு காண்ட்ராக்டர் அவளுடைய கேள்விகளுக்குக் கால் மணி நேரம் நின்று பதில் சொல்லிவிட்டு, கடைசியில் வாட்சைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி வெளியே வந்தார். நல்ல பருமன். நடந்தால் மேஜை மேலிருக்கும் கொக்கிகள் கிணுகிணுக்கும். சத்தம் போடத் தெரியாத மனிதர். அதனால் அவர் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆள் இப்படித் திரும்பிப் போனால் அவள் கவுண்டரை விட்டுக் கோடவுனுக்குப் போய்விட வேண்டும். அங்கே சரக்கை எண்ணினால் போதும், சரக்கை என்ன கேட்டாலும் அது பக்கத்துக் கடைக்குப் போகாது.

கோடவுனில் ஜன்னல் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அங்கே யாரும் வரமாட்டார்கள். எந்தக் கயிறு எங்கே போய் எதைத் தாங்கப்போகிறது என்று தெரியாமல் டிரம்மை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விசேஷம் என்னவென்றால், அந்த வாரம் முதலாளிக்கும் சாப்பாடு இறங்கவில்லை போலிருந்தது. மத்தியானம் வீட்டிலிருந்து வரும் மூன்றடுக்கு டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு எலுமிச்சைச் சாறு குடித்தார். நாலு மணி அடித்தால் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். பல் வலிக்காரர் பாடிக்கொண்டே படி இறங்குவதைக் கடையில் எல்லோரும் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை ஒல்லியாக ஒருவர் வந்தார். விரலிடுக்கில் நீலப் பெயிண்டு. ஊர் நாடக அரங்கில் மேடைத் தச்சர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"மெல்லிசா கயிறு வேணும். எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. மூணு எம்.எம். இருந்தா போதும்."

"எதுக்கு?"

தச்சர் கண்ணாடி அறையைப் பார்த்தார். முதலாளி அங்கே செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார்.

"அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பொய் சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாள். உனக்கென்ன என்று முறைத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். சொல்லக் கூடாது என்று இவ்வளவு பணிவாகச் சொன்னவர் இவர்தான். கொடுக்கமாட்டேன் என்றால் ஆள் திரும்பிப் போவார், அவளும் கோடவுனுக்குப் போவாள். கேட்காமல் கொடுத்தாலோ, முள் முளைத்த அந்தக் கயிறு கண் முன்னால் வந்து நின்றது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"எதுக்குன்னு கேக்கலை. வேற கேக்கலாமா?"

"கேளுங்க."

"தூக்கவா, இழுக்கவா, கட்டி நிறுத்தவா?"

"தூக்க."

"உருளையில ஓடுமா?"

"ஓடும்."

"சரக்கு கீழே விழுந்தா உடையுமா?"

தச்சர் யோசித்தார். "உடையும்."

"கத்துமா?"

தச்சர் மறுபடி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "கத்தும்" என்றார், குரலை இறக்கி.

"எடை?"

"எழுபது கிலோ."

"நீங்க நிறுத்தீங்களா, சரக்கே சொல்லிச்சா?"

"சரக்கேதான் சொல்லிச்சு."

செய்தித்தாள் லேசாக நடுங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளைத் தூக்கும் கயிறு ஆளைப் போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது அவள் வைத்திருந்த கணக்கு. தன் எடையைத் தானே சொல்கிறவர் கணக்கோடு கால்வாசி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவள் வைத்திருந்த கணக்குதான். எழுபது தொண்ணூறாயிற்று. தொண்ணூறு தொள்ளாயிரமாயிற்று. மூன்று எம்.எம். அடிபட்டுப் போயிற்று. நாலு எம்.எம்., மெல்லிய இழைகள் நிறைய உள்ள, உருளையில் மெத்தென்று வளைகிற வகை. ஒன்றல்ல, இரண்டு, இடுப்புக்கு இரண்டு பக்கமும். ஒன்று போனாலும் மற்றது தனியாகத் தாங்க வேண்டும்.

வெட்டும் இடத்தின் இருபுறமும் டேப் சுற்றி, புரி பிரியாமல் வெட்டினாள். முனையை வளையமாக மடித்து, உள்ளே கயிறு நசுங்காமலிருக்க திம்பிள் என்கிற இரும்பு வளைவை வைத்து, அலுமினியக் குழலைக் கோத்துப் பின்கட்டுக்கு அனுப்பினாள். பிரஸ்காரர் அழுத்திக் கொடுத்தார். குழலும் கயிறும் ஒன்றாகிவிட்டன. கயிறு முறுக்கவிழ்ந்தாலும் சரக்கு பம்பரமாகச் சுற்றாமலிருக்க ஒரு சுழல் கண்ணி. தானாகக் கழன்றுகொள்ளாத திருகு பூட்டுக் கொக்கி. கறுப்புப் பெயிண்டு அடித்துக்கொள்ளலாமா என்றார் தச்சர். கூடாது, அடித்தால் அறுந்த இழை தெரியாது என்றாள். கடைசியில், மேலே உத்தரத்தில் நின்று வேலை பார்ப்பது யார் என்று கேட்டாள்.

"நான்தான். எனக்கென்ன, பழகின கால்."

"கால் பழகியிருக்கு. தரை பழகலையே" என்று, அவருக்கும் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள லேன்யார்டு என்கிற காப்புப் பட்டை ஒன்றை எடுத்து வைத்தாள். அதிர்ச்சி தாங்கும் மடிப்பு தைத்தது. மடிப்பு பிரிந்து நீண்டாலும் கால் தரையைத் தொடாத நீளம். தச்சர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போகவில்லை. கண்ணாடி அறைக்குள் செய்தித்தாள் கீழே இறங்கியது.

திங்கட்கிழமை நாலரை மணிக்குத் தச்சர் மறுபடி வந்தார். நாலு எம்.எம். கயிற்று முனையை மடித்துப் பிடிக்கக் கிளிப் ஆறு வேண்டும் என்றார். இந்தத் தடவை அவள் எதுக்கு என்று கேட்கவில்லை. அழுத்திய முனை இருக்கிற கயிற்றுக்குக் கிளிப்பே வேண்டாம்.

"கயிறு நீளமாப் போச்சா?"

"ஒரு முழம்."

"வெட்டிட்டீங்களா?"

"ஆமா."

"எந்த முனையை?"

"அந்த அலுமினியம் துருத்திக்கிட்டு இருந்துச்சே, அந்த முனையை. அதுதான் அசிங்கமா இருந்துச்சு."

அவள் எழுந்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் வேலை நேரத்தில் கடையை விட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. பிரஸ்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அளவு நாடாவையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு தச்சரோடு நடந்தாள். வழியில் தச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதாம். பழைய கிளிப் இரண்டு கிடந்ததாம். அதைக் கயிற்றுக்கு ஒன்றாகப் போட்டுத் தாற்காலிகமாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு, புதுக் கிளிப்புக்கு அவர் கடைக்கு வந்தாராம். அவள் நடையை ஓட்டமாக்கினாள்.

அரங்கின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது மேடைக்கு ஒரு சாண் உயரத்தில் நிலா தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி ஜிகினாத் துணியில் வட்டமான நிலா. முகத்தில் வெள்ளை மாவு. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்று முனைகளைப் பார்த்தாள். கிளிப் இரண்டும் தலைகீழ். அந்தக் கிளிப்புக்கு ஒரு பக்கம் தட்டையான மெத்தை, மறுபக்கம் யு வடிவக் கம்பி. கம்பி கடிக்க வேண்டியது மடித்துவிட்ட வாலை. இங்கே அது பாரம் தாங்கும் உயிர்க் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இறக்குங்க. மெதுவா. இப்பவே."

இறக்கினார்கள். நிலாவின் பாதங்கள் பலகையைத் தொட்டன. மேடையோரம் வைத்திருந்த வாளியில் ஏதோ கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. நிமிர்ந்து மாவு முகத்தைப் பார்த்தாள்.

"முதலாளி?"

நிலா வேறு பக்கம் திரும்பப் பார்த்தது. இடுப்பில் கொக்கிகள் இருந்ததால் முடியவில்லை.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. நாடகக் குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகிறதாம். வீட்டில் தெரியாது, கடையில் தெரியாது. எல்லோரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வானத்திலிருந்து இறங்க வேண்டும் என்று ஆசையாம். கயிறு தன் கடைக் கயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்திருக்கிறார்.

"எழுபதுன்னு சொன்னீங்களே முதலாளி."

"கிட்டத்தட்ட சொன்னேன்."

"எழுபதுன்னா பிறை. நீங்க பௌர்ணமி. உண்மையைச் சொல்லுங்க."

"தொண்ணூத்தெட்டு. எலுமிச்சைச் சாறு குடிச்சும் ஒரு கிலோதான் குறைஞ்சுது. கொக்கியை எடுத்துவிடுங்க, எனக்கு எட்டாது."

அவருடைய வயிறு குறுக்கே இருந்ததால் கொக்கி அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் திருகில் கை வைத்தாள். திருகவில்லை.

"எடுக்கிறேன். நான் கோடவுனுக்குப் போகணுமா முதலாளி?"

தச்சர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். தலைகீழாகக் கடித்துக்கொண்டிருந்த கிளிப்பையும் பார்த்தார்.

"நீங்க கவுண்டர்லயே இருங்க எதுக்கம்மா. கோடவுனுக்கு வேணும்னா நான் போறேன். மத்தியானம் தூங்க நல்ல இடம்."

திருகைத் திருகினாள்.

தொண்ணூற்றெட்டுக்கு நாலு எம்.எம். அவள் கணக்கில் நிற்கவில்லை. ஐந்து எம்.எம். என்றாள். ஐந்து என்றால் கண்ணுக்குத் தெரியும், நிலாவுக்குக் கயிறு இருக்கலாமா என்று முதலாளி முனகினார். "நீங்க இவ்வளவு பெரிசா இறங்கும்போது கயிறை யார் பாக்கப்போறா?" என்றாள். அது திட்டா புகழ்ச்சியா என்று தெரியாமல் அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். உருளையிலிருந்து அவளே நாடா பிடித்து அளந்தாள். மறுநாள் இரண்டு முனைகளையும் பிரஸ்காரர் அழுத்தினார். பிறகு மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"அது நானா?" என்றார் முதலாளி.

"அது ரெண்டு நீங்க."

மூட்டைகள் ஒரு மணி நேரம் தொங்கின. அவள் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். குழலில் நழுவல் இல்லை, கயிற்றில் முள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளியின் மனைவி, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல், பல் வலியோடு தன் கணவர் எங்கே போனார் என்று பக்கத்திலிருப்பவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு வரிசையிலும் கடை ஆட்கள், அவளிடம் கயிறு வாங்கும் வாடிக்கையாளர்கள். எதுக்கம்மா புதுப் புடவையில் வந்திருந்தாள். திரை விலகியதும் அவள் கண் மேலே போய்விட்டது. உத்தரத்தில் தச்சரின் லேன்யார்டு சரியாக மாட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை உருளைக்கு நகர்த்தினாள்.

"நாடகத்தைப் பாரு" என்றார் கணவர் காதோரம்.

"அங்கதாங்க இருக்கு."

தூக்கம் வராத ஒரு ரொட்டிக்காரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வானம் திறந்தது. நிலா இறங்கியது, அவசரமில்லாமல், ஒரே சீராக, கொஞ்சம்கூடச் சுற்றாமல். முன்வரிசையில் முதலாளியின் மனைவி பாதி எழுந்து நின்றுவிட்டார். ரொட்டிக்காரி அண்ணாந்து பார்த்து, நாடகத்தில் எழுதியிருந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"எதுக்கு வந்தே?"

கடைக்காரர்கள் இருந்த இரண்டு வரிசையும் வெடித்துச் சிரித்தன. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள். நிலாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. உதட்டைக் கடித்துப் பார்த்தது, முடியவில்லை. ஆறடி உயரத்தில் தொங்கிக்கொண்டு அதுவும் சிரித்தது. வயிறு குலுங்கியது, ஜிகினா உதிர்ந்தது, ரொட்டிக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எதுக்கம்மா மட்டும் சிரிக்காமல் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குலுக்கல் மேலே ஏறி உருளைவரை போய் அடங்கியது. இரண்டும் விறைப்பாக நின்றன. அதற்கப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கணவர் கைக்குட்டையை நீட்ட வேண்டியிருந்தது.