வடியட்டும்டா, வடியறது நல்லது

இதை எழுதுகிறவன் தாக் மன்சிக்கை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். பிப்ரவரிக் கடைசி. மொக்போவிலிருந்து சியோலுக்குப் போகிற எக்ஸ்பிரஸ் பஸ். குடும்பத்தில் முதல் ஆளாக வாங்கிய பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் வைத்தால் மடங்கிவிடுமே என்று மடியில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, புது வேலையில் சேரப் போய்க்கொண்டிருந்தான். வழக்கமாக நிற்கிற ஓய்வுக் கூடத்துக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. அதற்குள் பஸ் ஓரம் கட்டி, தூக்கம் வந்த டிரைவர்கள் ஒதுங்குகிற சின்ன நிறுத்தத்துக்குள் நுழைந்துவிட்டது. மைக்கில், "மன்னிக்கணும், ரெண்டே நிமிஷம்" என்றது ஒரு குரல். வெள்ளைக் கையுறை போட்ட, அறுபதை நெருங்குகிற ஒரு மனிதர் இறங்கிக் கழிப்பறையைப் பார்த்து ஓடினார். தொப்பி பறந்து கீழே விழுந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரெண்டு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. பின்னாலிருந்த ஒரு அம்மாள், டிரைவர் உள்ளேயே தூங்கிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டாள். கோட்டுப் போட்ட ஒருவர் போனை எடுத்து பஸ் கம்பெனிக்கே புகார் சொன்னார். திரும்பி வந்த மன்சிக், எல்லாரையும் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். தொப்பியைப் பொறுக்கிவைத்ததற்காக, ஓய்வுக் கூடத்தில் முதல் சீட்டுக்கு மட்டும் சூடான வால்நட் பணியாரம் ஒரு பொட்டலம் வந்தது. கொடுத்தவர் நகராமல் நின்றார். மடியிலிருந்த பட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி படிச்சவரு போல. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. குடல்லேருந்து வடியறது நல்லதா, கெட்டதா?"

படித்தது கணக்குப் பதிவியல். தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த சங்கதி, ஊருக்கும் சியோலுக்குமாக அதே பஸ்ஸில் போய் வந்த காலத்தில், முதல் சீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

மன்சிக்குக்குப் பெருங்குடலில் புண். பழைய நோய். ஒரு காலத்தில் ரத்தமும் சீழுமாகப் போய் ஆளே பாதியாகிவிட்டார். டாக்டர் யோம் என்கிற அம்மாள்தான் பார்த்தார். இதை விரட்ட முடியாது, தூங்க வைக்கலாம், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். மன்சிக் நிறுத்தவில்லை. நோயும் தூங்கியது. வருஷக்கணக்காகத் தூங்கியது.

இந்த விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிகும் தீவில் உப்பளம் வைத்திருக்கிற சொந்த அக்கா ஓக்சுன்னுக்கே தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் சியோல் வழி போய்விடும். உள்ளூர்ப் பஸ்ஸிலும் பக்கத்து ஊர்ப் பஸ்ஸிலும் தேய்ந்து தேய்ந்து கடைசியில் கிடைத்த வழி அது. மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த நெடுஞ்சாலைதான். அதை ஒரு கழிப்பறைச் சமாசாரத்துக்காக விட அவருக்கு மனசில்லை.

சந்திரப் புத்தாண்டுக்கு முன்னால் அவருடைய இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. அந்த நாட்டில் கண் துடிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: மக்னீசியம் குறைச்சல். டாக்ஸிக்காரர் சொல்வார், முடி வெட்டுகிறவர் சொல்வார், முன்பின் தெரியாத பாட்டி கூட லிஃப்டில் சொல்வாள். மன்சிக்குக்குச் சொன்னவர் கூட வேலை பார்க்கிற பியோ ஜொங்தால். இவரைவிட மூத்தவர், அதனால் அண்ணன். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. டிவியில் பார்த்து வாங்கியதில் உபரியாக வந்த மாத்திரை டப்பாவையே கையில் திணித்தார்.

"கண்ணுக்கு மட்டுமில்லடா, இது ஜாங்குக்கும் நல்லதாம். டிவில அந்தப் பொண்ணு வயித்தத் தடவிக்கிட்டே சொல்லுச்சு. ஒண்ணு போட்டா உனக்கு எந்த மூலைக்கு? ரெண்டாப் போடு."

ஜாங் என்றால் அங்கே குடல். சோயா மொச்சையைப் புளிக்கவைத்து ஜாடியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற விழுதும் சாறும் ஜாங்தான். வாரச் சந்தையும் ஜாங்தான். பேசுகிறவர் எதைச் சொல்கிறார் என்று சமயத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டியதுதான், யாரும் குழம்புவதில்லை. மன்சிக் வீட்டில்தான் குழம்பியது.

குடலுக்கு நல்லது என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் மாத்திரை போட்டுத் தூங்க வைத்தோம், இது கூடச் சேர்ந்தால் ஒருவேளை ஆறியே போய்விடுமோ என்று ஒரு நப்பாசை. ரெண்டாகப் போட்டார். சில நாளில் வயிறு இளகியது. அப்புறம் தண்ணீராகவே போக ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். ரத்தம் இல்லை. நோய் எழுந்துவிட்டது என்றால் ரத்தம் வரவேண்டும். தூங்குகிறது என்றால் தண்ணீர் ஏன்?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கடல்நீரிலிருந்து எடுத்தது என்று போட்டிருந்தது. அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உப்பளத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா? உப்பு மூட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிற கசப்புத் தண்ணீர், கான்சு. டோஃபு உறையவைக்க அதில் ஒரு கரண்டி போதும். குடித்தால் ஆள் காலி என்று சின்ன வயதில் அந்தக் குடத்துப் பக்கமே விடமாட்டார்கள். அதையா மாத்திரையாக முழுங்கிக்கொண்டிருக்கிறோம்? முழுங்கினது வெளியே வந்தால் நல்லதா, உள்ளே தங்கினால் நல்லதா?

கான்சு பற்றிக் கேட்க அக்காவைத் தவிர யார் இருக்கிறார்கள். ஆனால் நோயைச் சொல்லாமல் கேட்க வேண்டும். பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரமிருக்க, டெப்போ சுவரோரம் நின்று போன் போட்டார்.

"அக்கா, ஒரு ஜாங் விஷயம்."

மறுமுனையில் ஓக்சுன்னின் குரல் உயர்ந்தது. "நீயா? ஜாங்கா?"

"ஆமா. கான்சு வடிஞ்சுக்கிட்டே இருக்குக்கா. பயமா இருக்கு. இப்படியே விடலாமா?"

"அதுக்கு எதுக்குடா பயம்? வடியட்டும்டா, வடியறது நல்லது. முழுசா வடிஞ்சாத்தான் ஜாங் தேறும். உள்ள தங்குனா கசந்து கெட்டுரும். அவசரப்பட்டு எதையும் செஞ்சு வைக்காத, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ரொம்ப வடியுதேக்கா."

"புதுசுன்னா அப்படித்தான் வடியும். அடியில ஒரு வாளி வச்சுரு."

வாளி என்றதும் மன்சிக்குக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. வயதாகிறது, ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பஸ் கிளம்ப விசில் வந்துவிட்டது, போனை வைத்துவிட்டார். ஆனால் மனசு லேசாகிவிட்டது. நோய் வெளியேறுகிறது, முழுக்க வடிந்தால் தேறிவிடும், அக்காவே சொல்லிவிட்டாள். அன்று முதல் மூன்றாகப் போட்டார்.

இதற்கு நடுவில் மருத்துவமனைக்கும் முறைப்படி போக வேண்டிய நாள் வந்தது. வயிறு தண்ணீராகப் போகிறது என்று சொன்னார். நான் கொடுத்தது தவிர வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். பொய் சொல்லவேண்டுமென்று சொல்லவில்லை. மருந்து என்றால் மருந்துக் கடையில் சீட்டு நீட்டி வாங்குவது, டிவிக்காரி விற்றது எப்படி மருந்தாகும்? டாக்டர், நோய் விழித்துக்கொண்டிருக்கலாம், மலத்தைச் சோதிக்கக் கொடுத்துவிட்டுப் போங்கள், முடிவு தெரிகிறவரைக்கும் நீண்ட வழி ஓட்டாமல் இருந்தால் நல்லது என்றார். ஓட்டாமல் இருக்க என்ன காரணம் சொல்வது? ஓட்டினார். தொப்பி பறந்த நாள் அதற்கு அடுத்து வந்ததுதான். புகார் மேனேஜர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. வாரம் முடிவதற்குள் வந்து விளக்கம் சொல், இல்லையென்றால் சியோல் வழியில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பினார்.

என்ன விளக்கம் சொல்வது என்று மன்சிக் புரண்டுகொண்டிருந்த காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஓக்சுன் அக்கா. முதல் படகைப் பிடித்து வந்திருக்கிறாள். தலைக்குப் பூப்போட்ட துணி. முதுகில் மூட்டை. டாக்ஸிக்காரர் பின்னால் ஒரு பழைய உப்பு மூட்டையை முனகிக்கொண்டே இறக்கினார். முதுகு மூட்டையை அவிழ்த்தால், வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ந்த மேஜு, மொச்சைக் கட்டிகள். வீடு முழுக்க அந்த வாடை.

"நாளைக்குப் பஞ்சாங்கத்துல குதிரை நாள். ஜாங் ஊறப்போட அதை விட்டா நாள் கிடையாது" என்றாள். "பொண்டாட்டி போனதுக்கப்புறம் கடைல வாங்கித் தின்னுக்கிட்டுக் கிடந்தவன், தானா ஜாங் போடறேன்னு போன் பண்ணினியே, எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல, போ. உன் புது உப்பு வடிய வருஷக்கணக்கா ஆகும். அதான் என்கிட்ட வடிஞ்சு கிடந்ததைக் கொண்டாந்தேன். எங்க, உன் மூட்டையக் காட்டு."

"எந்த மூட்டை?"

"வடியுதுன்னு சொன்னியே."

மன்சிக் நின்றார். அக்கா பால்கனியை எட்டிப் பார்த்தாள். துணி காயப்போடுகிற கம்பியும் காலி பூந்தொட்டியும்தான் இருந்தன. குளியலறையைப் பார்த்தாள். திரும்பி வந்து தம்பி முகத்தைப் பார்த்தாள். அவர் கை தன்னையறியாமல் வயிற்றில் இருந்தது.

"டேய். எந்த ஜாங்டா வடியுது?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாம் வெளியே வந்தது: புண், ரத்தம் போன வருஷங்கள், மாத்திரை, கண் துடிப்பு, பியோ அண்ணன், டப்பா. அக்கா மேஜுக் கட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். கடைசியில் சிரிப்பு வந்தது, அதோடு கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உப்பைப் பத்திச் சொன்னத உடம்புக்குப் பண்ணிக்கிட்டியா. அடியில வாளி வைன்னேனே, அப்பவாவது உனக்கு ஒறைக்கலையா?"

"ஏதோ பேசறேன்னு நினைச்சேன்."

"நான் ஏதோ பேசறேன். நீ ஏதோ முழுங்கற." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் என்கிட்ட ஏண்டா சொல்லல?"

அவர் போய் டப்பாவை எடுத்து வந்தார். அக்கா டப்பாவை மேஜு கட்டி வந்த துணியிலேயே முடிந்தாள். டாக்டரிடம் இதை நீட்டாமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள்.

டாக்டர் யோம் மொச்சை வாடையோடு வந்த டப்பாவைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். மலச் சோதனை முடிவு காலையில்தான் வந்திருந்தது. குடலில் அழற்சி எதுவும் இல்லை, நோய் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் ஏன் தண்ணீராகப் போகிறது என்று அவரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாராம்.

"மலச்சிக்கல்னு வர்றவங்களுக்கு நான் எழுதிக் கொடுக்கிற சரக்கு இது. தண்ணியக் குடலுக்குள்ள இழுத்துக்கும். நீங்க மூணு மூணாப் போட்டிருக்கீங்க. அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லல?"

"நீங்க மருந்துன்னுதானே கேட்டீங்க டாக்டர்."

நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் வயிறு கட்டியது. கதை அத்தோடு முடிந்திருந்தால் மன்சிக் நிம்மதியாக இருந்திருப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் ரத்தத்தையும் சோதித்தார். மக்னீசியம் இருக்கவேண்டிய அளவுக்குச் சற்றுக் கீழே இருந்தது. இந்த நோய்க்காரர்களுக்கு வயிற்றால் போய்ப் போய் அப்படிக் குறைவது உண்டாம். வேறு வகை மக்னீசியம் ஒன்றை, கொஞ்சமாக, சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார்.

"அப்போ அது நல்லதுதானா?"

"உங்களுக்குக் குறையுது, அதனால தர்றேன். புண்ணை ஆத்துமான்னு கேட்டா, அப்படி அடிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் தெரியல. பழைய மாத்திரைதான் மருந்து. இது அதுக்குப் பதில் இல்ல."

மக்னீசியத்தால் வயிறு போனது; வயிறு போனால் மக்னீசியம் போகும்; போனதற்கு மறுபடி மக்னீசியம். மன்சிக் வீடு வருகிறவரை இதை மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். முனை அகப்படவில்லை.

ஆனால் டெப்போவுக்குப் போவதற்கு அவர் தயங்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர் சொன்னதை மேனேஜரிடம் சொன்னார். தூங்குகிற நோய், இப்போதைக்கு எழாது, எழுந்தால் தானே முதலில் வந்து சொல்வதாக.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "குடலா? நாங்க எல்லாரும் உங்களுக்கு மூத்திரக் கோளாறுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம். பியோ அதுக்குக்கூட ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கான், எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாம."

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். அவசரம் வந்தால் நிறுத்தலாம். ஆனால் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், பயணிகளிடம் ரெண்டே நிமிஷம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

தாக் மன்சிக் இப்போதும் மொக்போ–சியோல் வழியில்தான் ஓட்டுகிறார். குதிரை நாளில் அக்கா ஊறப்போட்ட ஜாங், பால்கனியில் ஜாடியில் இருக்கிறது. வெயில் அடிக்கிற பகலில் மூடியைத் திறந்துவைக்கிறார். பழைய மாத்திரையும் புது மக்னீசியமும் சாப்பிடுகிறார். இடது கண் இமை இன்னும் துடிக்கிறது.